ஒரு டம்ளர் தண்ணீரில் ஓர் உயிர்!

சென்ற இதழில் மாவடு போடுவது பற்றி எழுதியதற்கு நிறையச் சகோதரிகள் கடிதம் போட்டிருக்கிறீர்கள். பதில் எழுதவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த இதழில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை அடுப்படி விஷயம் இல்லை. நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் ஒப்புக்கொண்டால்தான் எனக்கு மனசு ஆறும் போலிருக்கிறது.

என் கடைக்குட்டிக்குப் போன ஆவணியில் எட்டு வயது முடிந்தது. இந்தக் காலத்துப் பிறந்தநாள் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? நாம் படிக்கும்போது ஒரு டப்பா ஆரஞ்சு மிட்டாயோடு காரியம் முடிந்தது. இப்போது கேக், பலூன், அதற்கு மேல் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ரிடர்ன் கிஃப்ட் வேறு! பென்சில் பாக்ஸ் ஒரு வருஷம் கொடுத்தாயிற்று, தண்ணீர் பாட்டில் ஒரு வருஷம் கொடுத்தாயிற்று. "அம்மா, என் ஃப்ரெண்டு வீட்ல ஆளுக்கொரு மீன் கொடுத்தாங்க. நாமளும் மீன்தான் கொடுக்கணும்" என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

நாங்கள் இருப்பது பெரம்பூரில். வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு மீன் கடை இருக்கிறது. சாப்பிடுகிற மீன் இல்லை, தொட்டியில் வளர்க்கிற மீன். உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க அலமாரி. அதில் ஜூஸ் கடை டம்ளர் மாதிரி வரிசையாகப் பிளாஸ்டிக் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீன். நீலம், சிவப்பு, மயில் கழுத்துப் பச்சை... காஞ்சிபுரம் பட்டை விரித்துப் போட்டது மாதிரி வால்! சில டம்ளரில் தண்ணீரே நீலமாக இருந்தது. அலங்காரத்துக்காக ஏதோ சாயம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் மெத்திலீன் ப்ளூ என்ற மருந்தாம். பிறகுதான் தெரிந்தது.

"ஃபைட்டருக்கு ஒண்ணுமே வேணாம் அக்கா. மோட்டார் வேணாம், பெரிய தொட்டி வேணாம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்தினாப் போதும். எதையும் தாங்கும்" என்றார் கடைக்காரத் தம்பி.

எதையும் தாங்கும்! இந்த வார்த்தையை நம்மைப் பற்றியும் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறோம், இல்லையா? அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. சின்னக் கண்ணாடிக் குடுவையோடு பதினெட்டு மீன் சொல்லிவிட்டு, விலையும் பேசிக் குறைத்துக்கொண்டு, சாமர்த்தியமாகக் காரியம் முடித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

பிறந்தநாளன்று கூடத்து மேஜையில் பதினெட்டு குடுவைகளையும் வரிசையாக அடுக்கியிருந்தோம். பக்கத்துக் குடுவை மீனைப் பார்த்ததும் ஒவ்வொன்றும் செவுளை விரித்துக்கொண்டு, துடுப்பையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கண்ணாடியில் போய் மோதியது. "டான்ஸ் ஆடுது, டான்ஸ் ஆடுது!" என்று குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள். என் மாமியார் மட்டும் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, அதுங்க சண்டைக்குத் துடிக்குதுங்க. தப்பிச்சுப் போகவும் எடமில்ல. இதையா ஆட்டம்னு சொல்றீங்க?" என்றார்கள். விருந்து நேரத்தில் இதென்ன பேச்சு என்று எனக்கு உள்ளூர எரிச்சல்தான் வந்தது.

மூன்றாம் நாள் முதல் போன் வந்தது. ஒரு வீட்டில் மீன் குடுவையிலிருந்து துள்ளி வெளியே விழுந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் காய்ந்து கிடந்ததாம். இன்னொரு வீட்டில் சுத்தமாக இருக்கட்டுமென்று குடுவையைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் சோற்றுப் பருக்கை போட்டார்களாம். ஒருத்தி நல்லெண்ணத்தோடு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். இன்னொருத்தி ஜன்னல் ஓரம் அழகாக இருக்குமென்று வெயிலில் வைத்துவிட்டாள். பதினைந்து நாளில் பதினொன்று போய்விட்டது.

அதிலே ஒரு பையன், என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவன். அவன் அம்மா போன் செய்து, "ராத்திரியில எழுந்து உட்கார்ந்து அழறான். நான் தண்ணி மாத்த மறந்துட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு சொல்றான். ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. மனசு தாங்காமல் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அறியாமல் நான் செய்த காரியத்தை அந்த எட்டு வயதுப் பிள்ளை தன் தலையில் சுமந்துகொண்டிருக்கிறான்! மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கண்ணா, நீ ஒண்ணும் பண்ணல. அந்தக் குடுவையே அதுக்குப் போதாது. சரியா விசாரிக்காம வாங்கிக் கொடுத்தது ஆன்ட்டி தப்பு" என்று சொன்னேன். அவன் நம்பினானா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டு மீனும் அதற்குள் வாடிப்போயிருந்தது. ராஜா என்று பெயர் வைத்திருந்தாள் இவள். பட்டு மாதிரி இருந்த வால் ஓரமெல்லாம் கந்தலாகி, துடுப்புகள் உடம்போடு ஒட்டி, குடுவை அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. இதையாவது காப்பாற்ற வேண்டுமே! இவருக்குத் தெரிந்தவர் மூலமாகக் கொளத்தூரில் மீன் வளர்க்கிற ஒரு அம்மாவின் வீட்டு விலாசம் கிடைத்தது. சென்னைக்காரர்களுக்குத் தெரியும், கொளத்தூர்ப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு வண்ண மீன்தான் பிழைப்பு. மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் சிமெண்டுத் தொட்டி கட்டிப் பெண்களே வளர்க்கிறார்கள். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மீனைப் பார்த்ததும் குடுவையை என் கையிலிருந்து வாங்கி மோந்து பார்த்தார்.

"மூத்திர வாடை அடிக்குது பாருங்க" என்றார்.

சகோதரிகளே, முக்கியமான விஷயம் இதுதான். மீன் தன் கழிவைச் செவுள் வழியாகவும் அம்மோனியாவாகத் தண்ணீரில்தான் விடுகிறது. கைக்குழந்தையின் ஈரத்துணியைச் சுருட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் மூக்கைத் துளைக்குமே, அதே நெடிதான். ஏரியிலும் வயலிலும் அது கரைந்து போய்விடும். ஒரு டம்ளர் தண்ணீரில் எங்கே போகும்? அந்த மீன் அதிலேயே மூச்சு விட்டு அதிலேயே கிடக்கிறது. செவுள் புண்ணாகிறது, துடுப்பு அழுகுகிறது. மூக்குக்கு வாடை தெரிகிற நிலைக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே மீனுக்கு வேதனை ஆரம்பித்துவிடுமாம்.

"அப்படின்னா உடனே செத்துப் போகணுமே, கடையில நாள் கணக்கா உயிரோடதானே இருக்கு?" என்று கேட்டேன்.

அதுதான் இந்த மீனின் தலைவிதி! மற்ற மீன்களுக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று போதாவிட்டால் சீக்கிரம் மூச்சு முட்டிவிடும். இந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே இன்னொரு உறுப்பு இருக்கிறது. தண்ணீருக்கு மேலே வந்து, நம்மைப் போல வெறும் காற்றை ஒரு வாய் இழுத்துக்கொண்டு போகும். அதனால் கெட்ட தண்ணீரிலும் மற்ற மீனைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும். கடவுள் அதற்குப் பிழைக்க ஒரு வழி கொடுத்தார். அதையே சாக்காக வைத்து, இதற்கு இடமும் வேண்டாம், காற்றும் வேண்டாம் என்று டம்ளரில் அடைத்துவிட்டோம் நாம்.

இது நம் ஊர் மீனும் இல்லை. தாய்லாந்து இதற்குச் சொந்த ஊர். பழைய பெயர் சயாம். அங்கே நெல்வயலிலும் சதுப்பு நிலத்திலும் வாழ்வது. சண்டைக்கென்றே பழக்கிப் பந்தயம் கட்டுவார்களாம், நம் பக்கத்துச் சேவல் சண்டை மாதிரி. அந்த ஊர்ப் பாஷையில் 'ப்ளா கட்' என்று பெயர், கடிக்கிற மீன் என்று அர்த்தம். நம் 'கடி' மாதிரியே இருக்கிறது பாருங்கள்! 2019ஆம் வருஷம் அந்த நாட்டு அரசாங்கம் இதைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்திருக்கிறது. "வயல்ல குட்டையில கிடக்கிற மீன்தானே, கொஞ்சம் தண்ணி போதும்" என்று கடைகளில் சொல்வார்கள். என் மாமியார் அதைக் கேட்டு, "வயல்ல தண்ணி முழங்காலளவுதான். ஆனா அகலம் எம்மாம் பெருசு! டம்ளரும் வயலும் ஒண்ணா?" என்றார்கள். வயலில் வேலை செய்தவர்களுக்கு இது புரிகிறது. எஸ்.எஸ்.எல்.சி. படித்த எனக்குப் புரியவில்லை.

கொளத்தூர் அம்மா இன்னொன்றும் காட்டினார். ஒரு தொட்டி ஓரத்தில் தண்ணீர் மேல் சோப்பு நுரை மாதிரி மிதந்தது. ஆண் மீன் வாயால் ஊதி ஊதிக் கட்டிய கூடு அது! பெண் மீன் முட்டை விட்டதும், கீழே விழுகிற முட்டைகளை இந்த ஆண் மீன் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி வந்து நுரையில் ஒட்டி வைக்குமாம். குஞ்சு பொரித்து நீந்தப் பழகுகிற வரை காவலும் அதுதானாம். பெண் மீனைத் துரத்திவிடும், அதனால் அதைத் தனியே எடுத்துவிட வேண்டும். "எங்க வீட்டுக்காரரு புள்ளைங்கள இப்படிப் பாத்திருந்தா நான் இன்னும் நாலு தொட்டி கட்டியிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார் அந்த அம்மா. குஞ்சுகள் ரெண்டு மூணு மாசம் சேர்ந்துதான் வளரும். அதன்பிறகு ஆண்களெல்லாம் ஒன்றையொன்று கடித்துக் குதறும். அங்கேதான் ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனிப் பாட்டிலில் போடுகிறார்கள். பாட்டிலிலிருந்து பாலிதீன் பை, பையிலிருந்து கடை டம்ளர். தண்ணீர் கெட்டுவிடும் என்று வழியில் தீனியும் கிடையாது.

"நானும் பாட்டில்லதான் போடறேன். இல்லேன்னு சொல்லல. இத்தனை ஆணுக்கும் தனித்தனித் தொட்டிக்கு நான் எங்க போவேன்? ஆனா நான் தினமும் தண்ணி மாத்துறேன், புழு போடறேன். கடையில போனப்புறம் யாரு பாக்கறா?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்ததே இந்த மீன்கள்தான் என்று சொன்னவர்.

அவர் சொல்லித் தந்தபடி வீட்டுக்கு வந்து செய்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு ஃபைட்டர் குடுவையில் கிடந்தால் இன்றைக்கே செய்யலாம்.

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி வாங்கினோம். அது விளிம்பு வரை 28 லிட்டர் பிடிக்கும். முக்காலுக்கு நிரப்பினால் சுமார் 20 லிட்டர். ஒரு மீனுக்கு அது தாராளம். தொட்டி வாங்க இப்போது முடியாதா? பரவாயில்லை, சோப்புப் படாத பெரிய பிளாஸ்டிக் டப்பில் விடுங்கள், குடுவைக்கு அது எவ்வளவோ மேல். மேலே வலையோ மூடியோ போட வேண்டும், இல்லாவிட்டால் துள்ளி விழும். ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் நாலு விரல் காற்று இருக்கட்டும். மேலே வந்து மூச்சு இழுக்க முடியாவிட்டால் மீனாக இருந்தும் மூச்சு முட்டிச் செத்துப்போகும்!

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அகலமான வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அவசரமென்றால் குளோரினை முறிக்கிற சொட்டு மருந்து மீன் கடையிலேயே விற்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பெல்லாம் போய்விடுவதால் அதை மட்டும் ஊற்றக் கூடாது.

தண்ணீர் மாற்றுகிறேன் என்று மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டுத் தேய்த்துக் கழுவுகிறோமே, அது பெரிய தப்பு. தொட்டியில் நல்ல கிருமிகள் உண்டு. அம்மோனியாவைத் தின்று கெடுதல் குறைந்த பொருளாக மாற்றுவது அவைதான். அவை பெருக சில வாரம் ஆகும். தயிருக்கு உறை ஊற்றுகிறோம் இல்லையா, அதுபோலக் கொளத்தூர் அம்மா தன் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அதை எங்கள் ஃபில்டரோடு சேர்த்துப் போட்டோம். வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுகிறேன். ஸ்பாஞ்சை அழுக்கானால் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து அலசுகிறேன், குழாயடியில் காட்டுவதில்லை. ஃபில்டர் காற்றை மெதுவாக வையுங்கள். நீண்ட வால் மீன், ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது.

தீனி, இந்த மீனுக்கென்று விற்கிற குருணை. காலையில் மூணு, சாயங்காலம் மூணு. மிஞ்சினதை எடுத்துவிட வேண்டும். சோறு, பிரெட், இட்லித் துகள் எதுவும் கூடாது. மணி பிளான்ட் குடுவையில் இதை விட்டு "வேரைத் தின்னுக்கும்" என்று சில இடங்களில் விற்கிறார்களே, சுத்தப் பொய். இது புழு பூச்சி தின்கிற ஜீவன். கொசுப்புழுவென்றால் உயிர்! (அதற்காகத் தொட்டியில் கொசு வளர்த்து மாநகராட்சிக்காரரிடம் அபராதம் கட்டிவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.)

நம் ஊர் வெயிலுக்கு இதற்கு ஹீட்டர் தேவைப்படுவதில்லை. 25 முதல் 28 டிகிரி வரை சுகம். ஏ.சி. ஓடுகிற அறையில் மட்டும் வைக்காதீர்கள். தெருவில் நாட்டு வாதுமை மரம் இருந்தால் தானாக உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றை எடுத்துக் கழுவித் தொட்டியில் போடுங்கள். தண்ணீர் டீ மாதிரி நிறம் மாறும், பயப்பட வேண்டாம். தாய்லாந்திலும் இதைத்தான் போடுகிறார்களாம். வேண்டாமென்று ஆகிவிட்டால் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வெளியூர் மீன் நம் நீர்நிலைக்கு ஆகாது.

ராஜாவுக்கு ஒரு மாசத்தில் வால் ஓரம் கண்ணாடி மாதிரி புதுசாக வளர ஆரம்பித்தது. இப்போது மூலைக்கு மூலை ரோந்து போகிறது. நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தால் முறைக்கிறது.

இதெல்லாம் கற்றுக்கொண்ட தைரியத்தில் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு சின்னப் பையனுக்கு வேடிக்கை காட்டக் கடைக்காரத் தம்பி டம்ளருக்கு எதிரே முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் தன் நிழலைப் பார்த்துச் சீறிச் சீறி மோதிக்கொண்டிருந்தது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதனைத் தவிர எல்லா உயிரும் பிராணி என்றுதான் போட்டிருக்கிறது, மீனுக்கு விதிவிலக்கு இல்லை என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. "அக்கா, பதினெட்டு வாங்கினீங்களே, எத்தனை லிட்டர் தொட்டி வேணும்னு அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டீங்களா? விலையைத்தானே குறைச்சீங்க? இருபது லிட்டர் தொட்டி வேணும்னு நான் சொன்னா, அடுத்த கடைக்குப் போயிடுவாங்க" என்றார்.

என்ன பதில் சொல்வது? பேசாமல் நின்றேன். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தபோது டம்ளர்களுக்கு நடுவே அட்டை வைத்து மறைத்திருந்தார், வெயில் படுகிற தட்டிலிருந்தும் எடுத்துவிட்டார். டம்ளர் மட்டும் அதே டம்ளர்.

போன வாரம் ராஜாவுக்குத் தீனி வாங்கப் போனேன். ஒரு இளம் தாய், இடுப்பில் குழந்தையோடு, "ரிடர்ன் கிஃப்ட்டுக்கு இருபத்தஞ்சு வேணும், என்ன ரேட்டு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சம். கடைசியில் சொல்லிவிட்டேன், அந்தப் பையன் ராத்திரி அழுதது வரைக்கும். அவள் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாரும் கொடுக்கறாங்களே ஆன்ட்டி" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பிள்ளைக்கு மட்டும் ஒன்று வாங்கிக்கொண்டு, என் போன் நம்பரையும் குறித்துக்கொண்டு போனாள். மற்றவர்களுக்கு என்ன வாங்கினாளோ, வேறு கடைக்குப் போனாளோ!

நேற்று ராத்திரி எட்டரை மணிக்குப் போன் வந்தது. "ஆன்ட்டி, மீன் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்குது. ஏதாவது ஆயிடுச்சா?"

"அது காத்து வாங்க வருதும்மா, அதான் அதோட வழக்கம். ஆனா ரொம்ப அடிக்கடி வந்தா தண்ணி கெட்டிருக்கும். எதுல விட்டிருக்கே?"

"அந்தக் குடுவையிலதான்..."

"வீட்ல பெரிய டப் இருக்கா? சோப்புப் படாததா? முதல்ல குழாய்த் தண்ணி பிடிச்சு திறந்து வை. நாளைக்கு இதே நேரத்துக்கு நான் போன் பண்றேன்."